வெள்ளைக் கோட்டு – அத்தியாயம் 17: ஆணி இறங்கிய டப்பாக்கள்

மேடை ஏறினால் அண்ணனுக்கு நாக்கு நீளும். கடையில் வார்த்தையை அளந்து அளந்து பேசுகிறவன், மைக்கைக் கண்டால் வேறு ஆளாகிவிடுவான். வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர் ஆன பிறகு அது இன்னும் கூடிப்போயிற்று.

போன வாரக் கூட்டத்தில் அப்படித்தான் சொல்லிவிட்டான். "அந்தக் கம்பெனியோட பால்பவுடர் இனிமே நம்ம கடைகள்ல கிடையாது. என் கடையில மட்டும் இல்ல, என் வீட்டுத் தொட்டில்லயும் கிடையாது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தொட்டிலில் கிடந்ததை யாரும் கேட்கவில்லை.

குட்டி அந்தக் கைதட்டலைக் கடைசி வரிசையில் நின்று கேட்டாள். அண்ணனுக்கு ஒரே தங்கை. வயது எவ்வளவு ஏறினாலும் வீட்டில் அவள் குட்டிதான். வெளியில் அவளுக்கு நர்ஸம்மா என்று பெயர். அவள் நர்ஸ் இல்லை. அதே கம்பெனியின் ஆள். கம்பெனி தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பிரசவ வார்டுகளில் கட்டில் கட்டிலாகப் போவாள். பெற்றுப் போட்டுவிட்டு அசந்து கிடக்கிற தாயின் கையில் ஒரு சின்ன டப்பாவை இலவசமாக வைப்பாள். "தாய்ப்பால் பத்தலன்னா இது இருக்கட்டும்மா" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுதான் உத்தரவு. அப்படி ஒருத்தி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து சொன்னால், எந்தத் தாய்க்கும் பத்தவில்லை என்றுதான் தோன்றும். சின்ன டப்பா தீர்வதற்குள் மார் வற்றியிருக்கும். அப்புறம் பெரிய டப்பாவைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்கும் அவள்தான் கொண்டுவந்தாள். அண்ணிக்குக் குழந்தை பிறந்தபோது, ஊருக்கெல்லாம் கொடுப்பதை நம் வீட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதா என்று ஆசை ஆசையாகத்தான் கொண்டுவந்தாள்.

கடல் கடந்த பணக்கார தேசங்களில் இந்த விவகாரம் வெடித்து, அதே கம்பெனியின் சாக்லேட்டையும் காபியையும் தொட மாட்டோம் என்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் காற்று இங்கே வந்து அண்ணனின் சங்கத்தையும் தொட்டது. கம்பெனி ஒரே நாளில் இலவச டப்பாவை நிறுத்தியது. கோட்டுப் போட்ட பெண்களை எல்லாம் வீட்டில் இருக்கச் சொன்னது.

ஜெயித்துவிட்டோம் என்றான் அண்ணன். இன்று சாயங்காலம் மைதானத்தில் வெற்றிக் கூட்டம். எல்லாக் கடைகளிலும் எடுத்த டப்பாக்களை ஜனங்கள் கண் முன்னால் சாக்கடையில் கொட்டப் போகிறார்கள்.

வீட்டில் மட்டும் கையிருப்பில் இருந்த கடைசி டப்பாவை அண்ணி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தான். குழந்தை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போயிற்று.

"அந்தப் பவுடரே விஷம். நம்ம பிள்ளையே சாட்சி" என்பான் வீட்டுக்குள்.

இன்று காலை அந்தச் சாட்சி அழவும் தெம்பில்லாமல் கிடந்தது.

*

டாக்டரம்மா எடை மெஷினைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"என்னம்மா குடுக்கறீங்க?"

"பவுடர் பால்தான் டாக்டர்."

"தாய்ப்பால்?"

"நின்னு போச்சு."

"டப்பா சீக்கிரம் தீந்துடக் கூடாதுன்னு தண்ணியைக் கொஞ்சம் கூட ஊத்தறீங்களா?"

அண்ணிக்கு மூக்கு நுனி சிவந்தது. "நான் அப்படிப்பட்டவ இல்ல டாக்டர்."

"கோவிச்சுக்காதீங்க. இங்கே அதைத் தினம் பாக்கறேன். என் எதிர்லயே கலக்கிக் காட்டுங்க, பாப்போம்."

அண்ணி பையைத் திறந்தாள். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலின் கோடு வரை ஊற்றினாள். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திச் சரிபார்த்தாள். ஸ்பூனில் பவுடரை எடுத்து, மேலே குவிந்ததைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டுப் போட்டாள். மறுபடி எடுத்தாள், வழித்தாள். ஸ்பூன் டப்பாவின் அடியைச் சுரண்டியது. பரீட்சைக்கு உட்கார்ந்தவளைப் போல உதடு முணுமுணுத்தது.

கூட வந்திருந்த குட்டி அந்த ஸ்பூனைப் பார்த்தாள்.

நீல ஸ்பூன். கம்பெனியின் ஸ்பூன் எல்லாமே நீலம்தான். பெரிய டப்பாவோடு வருவதும் நீலம், இலவசச் சின்ன டப்பாவோடு வருவதும் நீலம். ஒரே பிடி, ஒரே வளைவு. சின்னதில் குழி மட்டும் பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பச்சைப்பிள்ளையும் சொல்லிவிடும். தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதன் மேல் ஓர் எழுத்துக் கிடையாது.

பெரிய டப்பாவின் ஸ்பூன் தொலைந்துபோன அன்று அண்ணி வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாள். 'இதுக்கா இந்தப் பாடு' என்று சிரித்தபடி குட்டிதான் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். அந்தப் பையில் ஸ்பூன்கள் எப்போதும் கலகலவென்று கிடக்கும்.

"அண்ணி, நிறுத்துங்க" என்றாள். "அது அந்த ஸ்பூன் இல்ல. சின்ன டப்பாவோடது. நான்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா ஸ்பூனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

அண்ணி பாட்டிலைக் கீழே வைத்தாள். "அப்போ இத்தனை நாளா பாதிதான் குடுத்திருக்கேனா?"

"அண்ணி..."

"குழம்புக்கு உப்பைக்கூட நான் இவ்வளவு ஒழுங்கா அளந்ததில்ல குட்டி."

அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா குழந்தையை உடனே வார்டில் சேர்த்தாள். அதற்குச் சரியான அளவில் பால் போக வேண்டும், இன்றைக்கே போக வேண்டும், மாட்டுப் பாலைத் தாங்குகிற வயிறு இல்லை என்றாள். தாய்ப்பாலை மறுபடி வரவழைக்கலாம். ஆனால் அதற்குக் குழந்தை சப்ப வேண்டும். சப்பத் தெம்பு வேண்டும்.

"எங்க டப்பா தீந்துபோச்சு. வார்டுல பவுடர் இருக்குமே டாக்டர்?" என்றாள் குட்டி.

டாக்டரம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து காட்டினாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் காலி. "இதை ரொப்பிக்கிட்டிருந்ததே நீங்கதானேம்மா. சும்மா வர்ற வரைக்கும் நாங்களும் ஏன் வாங்கி வைக்கணும்னு இருந்துட்டோம். இப்போ எழுதிப் போட்டிருக்கேன், எப்ப வருமோ. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவாயில்ல, எங்கேயாவது தேடிக் கொண்டுவாங்க."

பக்கத்துக் கட்டில்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு டம்ளரில் கொஞ்சம் பால் பீய்ச்சிக் கொடுத்தாள். "இதுக்கு மேல என்னோடதுக்கு வேணும்க்கா. தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

அதைச் சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டார்கள். பாதி கடைவாயில் வழிந்தது.

*

கடை வாசலில் அண்ணன் பேனர் கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தான். "இடது பக்கம் தொங்குது பாரு. வெற்றிக் கூட்டமா, துணி காயப் போட்ட கொடியா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஓரமாக ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்குக் கீழே டப்பாக்கள்.

குட்டி அவனைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்பூனா?"

"ஆமாண்ணா."

"விஷம்னு ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கேன். இப்போ வந்து ஸ்பூன்ங்கற."

"பவுடர்ல கோளாறு இல்லண்ணா. அளவுதான் தப்பாயிடுச்சு."

"இதேதான் அந்தக் கம்பெனிக்காரனும் சொல்றான். தாய்மாருக்குக் கலக்கத் தெரியல, நாங்க என்ன பண்றதுன்னு. பேப்பர்ல போடறான் பாத்தியா? இன்னைக்கு அவன் வார்த்தையை நீ சொல்ற."

"எனக்கு யார் வார்த்தைன்னு எல்லாம் தெரியாதுண்ணா. வேற கம்பெனி டப்பா இருந்தாலும் குடு. பிள்ளைக்கு இன்னைக்கே வேணும்."

"வேற கம்பெனியா? அந்தச் சரக்கு இந்தப் பக்கம் வந்து எவ்வளவு காலமாச்சு. இலவசமாக் குடுக்கறவனோட எவன் போட்டி போடுவான்? வெளியூர்ல சொல்லிவிட்டா நாளைக்கு வரும்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு கேட்டேன். டாக்டர் பதில் சொல்லல."

அண்ணன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். நாலு பேர் பார்க்கத் தார்ப்பாயைத் தூக்கினான்.

ஒரு டப்பாவை எடுத்தான், திருப்பினான், வைத்தான். இன்னொன்று. இன்னொன்று. கை வேகமானது. மேலே இருந்தவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

ஒவ்வொரு டப்பாவின் தலையிலும் ஓர் ஓட்டை.

"என்ன தேடறீங்க செயலாளரே?" என்றார் எதிர்க்கடை பாத்திரக்காரர். "ஓட்டை விழாதது ஏதாவது இருக்கான்னா? ஒண்ணுகூட இருக்காது. நானே நின்னு ஒவ்வொண்ணா ஆணி இறக்கினேன். உங்க உத்தரவாச்சே."

உத்தரவு அவனுடையதுதான். வியாபாரிகள் ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டார்கள். கொட்டுகிறேன் என்று கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகத் திருப்பி எடுத்துப்போய் விற்றுவிட்டால்? அதனால் வண்டியில் ஏறும் முன்பே எல்லா டப்பாவிலும் ஆணி இறக்கிவிட வேண்டும் என்று கூட்டத்தில் யோசனை சொன்னவன் அண்ணன். எல்லோரும் அவன் மூளையைப் பாராட்டினார்கள். முந்தாநாள் மழையில் தார்ப்பாய் ஒழுகியிருந்தது. பவுடர் ஈரம் கண்டு கட்டிதட்டியிருந்தது. ஓட்டைகளில் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஒரு டப்பாவின் மூடியை நெம்பினான். எறும்பை ஊதினான். "மேலாக எடுத்துட்டு, அடியில இருக்கறதைச் சலிச்சா..."

"அந்த வயித்துக்கு ஆகாதுண்ணா" என்றாள் குட்டி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் டப்பாவை வண்டியில் வைத்தான். தார்ப்பாயை இழுத்து மூடினான். ஓரங்களை ஒழுங்காகச் செருகினான். ஏன் அவ்வளவு ஒழுங்காகச் செருகினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"கூட்டத்தை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றான். முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

*

கம்பெனிக் குடோனில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அதுவே குட்டிக்கு ஆச்சரியம். நிறுத்திவிட்டோம் என்று சொன்னவர்களுக்கு என்ன இவ்வளவு வேலை?

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டி வாய் பிளந்திருந்தது. பச்சை டப்பா, புதுப் பெயர், கொழுகொழுவென்று புதுக் குழந்தைப் படம்.

"வாம்மா, வா" என்றார் மேனேஜர். கோட்டுப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிரிச்ச முகம். வேலையை விட்டு நிறுத்துகிறபோதும் சிரித்துக்கொண்டேதான் நிறுத்துவார். "வீட்டுல இருன்னுதானே சொன்னேன், விட்டுட்டுப் போன்னா சொன்னேன்? இதோ, அடுத்த மாசம் புதுசு வருது. சட்டை மாத்திருக்கோம், அவ்வளவுதான். உள்ளே இருக்கறது நம்ம பழைய ஆள்தான்."

"சார், எனக்கு டப்பா வேணும். பழசோ புதுசோ."

"யாருக்கு?"

"ஒரு குழந்தைக்கு. ஆஸ்பத்திரியில கிடக்குது." சொல்லக் கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது தானாக வந்துவிட்டது. "சின்ன டப்பா ஸ்பூனைப் பெருசுக்குப் போட்டுட்டாங்க சார். பாதிப் பாதியாப் போயிருக்குது. ஸ்பூன்ல ஒரு அடையாளமும் இல்ல சார், எப்படித் தெரியும்?"

சிரிச்ச முகத்தில் சிரிப்பு நின்றது. அவள் அதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"உக்காரு" என்றார். "டீ குடிக்கறியா?"

"வேண்டாம் சார். டப்பா."

"தர்றேன். ஒரு டப்பா என்ன, ஒரு பெட்டியே தர்றேன். வண்டியிலயே அனுப்பறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல பேப்பர்காரங்க வர்றாங்க. இப்போ என்கிட்ட சொன்னியே, அதை அவங்ககிட்டயும் சொல்லு. புதுசா எதுவும் சேர்க்க வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவே மாட்டேன். ஸ்பூன் மாறிப் போச்சு, அதனால குழந்தை மெலிஞ்சுது. உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன?"

"ரெண்டு ஸ்பூனும் ஒரே மாதிரி இருக்குதுன்னும் சொல்லணும் சார்."

"கேட்டா சொல்லு. நான் ஏன் தடுக்கப் போறேன்?" பெரிய மனதோடு கையை விரித்தார். "கோட்டு கொண்டுவந்திருக்கியா?"

கோட்டு அவள் பையில்தான் இருந்தது. மடிப்புக் கலையாமல் இருந்தது.

பேப்பர்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். குட்டி எழுந்து நின்று சொன்னாள். யாரும் ஸ்பூனின் நிறத்தைக் கேட்கவில்லை. அதன் மேல் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை. "ஒரே மாதிரிதான் இருக்கும்..." என்று அவளாகவே ஆரம்பித்தாள். அதற்குள் ஒருவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அந்த அம்மா படிச்சவங்களா?"

"படிச்சவங்கதான்."

"நீங்க பாத்தீங்களா, இல்ல கேள்விப்பட்டதா?"

"பாத்தேன்."

"யாரு அந்த அம்மா?"

வாசலில் வண்டிக்காரன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றி முடித்துவிட்டு, கிளம்பலாமா என்பது போல மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் குட்டியைப் பார்த்தார்.

"என் அண்ணி" என்றாள் குட்டி.

அந்த ஊர்ப் பேப்பர்காரருக்கு அவள் அண்ணன் யார் என்று தெரியும். பேனா எழுதாமல் ஒரு கணம் நின்றது. "செயலாளர் வீட்டுக் குழந்தையா?"

அவள் தலையசைத்தாள். சிரிச்ச முகத்துக்கு இது எதிர்பாராத லாபம். அவர் வண்டிக்காரனுக்குக் கையைக் காட்டினார். கிளம்பு.

*

பெட்டி வந்து கட்டிலடியில் இறங்கியபோது அண்ணி எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. பச்சை டப்பாவைப் பார்த்தாள். குட்டியின் கோட்டைப் பார்த்தாள். அதுவே போதுமானதாக இருந்தது.

புது டப்பாவின் ஸ்பூனை டாக்டரம்மாவே எடுத்துக் கலக்கினாள். அதுவும் நீலம்தான்.

குழந்தை இரண்டு வாய் இழுத்தது. மூன்றாவது வாய்க்குக் களைத்துப்போய்த் தூங்கிவிட்டது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டார்கள். "இறங்குது. இறங்கினது தங்கணும். நாளைக்கு எடை பாத்தாத்தான் தெரியும். நல்ல சேதி சொல்றேன்னு இப்போ என்னால சொல்ல முடியாது" என்றாள் டாக்டரம்மா.

வெயில் சாய்கிற நேரத்தில் அண்ணன் வந்தான். கழுத்தில் மாலை விழுந்த தடம் இருந்தது, மாலை இல்லை. கூட்டம் பாதியிலேயே கலைந்துவிட்டது என்று அவனைப் பார்த்தாலே தெரிந்தது. பேப்பர்காரர் நேரே மைதானத்துக்குப் போய், மேடைக்கு அடியில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். உங்க வீட்டுத் தொட்டில்ல என்ன சார் இருக்குது?

"என்ன சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் சொல்லல."

"டப்பா எல்லாம்?"

"பாதி கொட்டினோம். மீதி வண்டியிலேயே நிக்குது. ஆளாளுக்கு வீட்டுக்குப் போயிட்டாங்க."

அவன் குட்டியைத் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. குழாயில் இறங்குகிற வெள்ளைப் பாலையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு சொட்டு நின்றுவிட்டால் மூச்சே நின்றுவிடும் போல.

"நர்ஸம்மா."

வார்டின் கோடியிலிருந்து குரல் வந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி. கண் பெட்டி மேல் இருந்தது. "மறுபடி குடுக்க ஆரம்பிச்சுட்டீங்களா? எனக்கும் ஒண்ணு வைங்க."

"இது குடுக்கறதுக்கு இல்லம்மா" என்றாள் குட்டி. கோட்டைக் கழற்ற மறந்துபோனது அப்போதுதான் உறைத்தது. "உங்களுக்கு எதுக்கு? பால் வரும். வந்துடும். பிள்ளையை மார்லயே விடுங்க."

"போன பிரசவத்துல நீங்கதானே வந்து, பத்தலன்னா இருக்கட்டும்னு குடுத்தீங்க?"

"அப்போ தெரியாம..."

"இப்போ பெட்டியோட கொண்டுவந்து உங்க வீட்டுப் பிள்ளைக்குக் குழாய் வச்சு ஊத்தறீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை, ஒரு நியாயம்தான் இருந்தது. "உங்க பிள்ளைக்கு மட்டும் நல்லது, எங்க பிள்ளைக்கு ஆகாதா?"

குட்டி அண்ணனைப் பார்த்தாள். ஒரு வாரமாக ஊரெல்லாம் முழங்கிய பேச்சு முழுக்க அவனிடம்தான் இருந்தது. வாயைத் திறந்தான். குழாயைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். குனிந்தாள். பெட்டியிலிருந்து ஒரு டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டாள். "உங்க பிள்ளை நல்லா ஆயிடும்க்கா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் தன் கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள், எதிர்ச்சாரியில் இன்னொருத்தி போர்வையை விலக்கிவிட்டு, காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.